கேஸ் அடித்த கணக்கு

அன்புள்ள சார்,

ஒரு பெருநகரத்தில் சஸ்டெயினபிலிட்டி கன்சல்டன்டாக இருக்கிறேன், நிறுவனங்கள் எவ்வளவு கார்பன் வெளியிடுகின்றன என்று கணக்கெடுத்து அறிக்கை தயாரிக்கும் வேலை. பூமிக்கு ஏதாவது செய்யலாம் என்று நம்பி வந்தவள். இப்போது நாள் முழுக்க கரண்ட் பில் கேட்டு மெயில் அனுப்புகிறேன், வந்ததை எக்ஸெல்லில் ஏற்றுகிறேன், ராத்திரி அறிக்கை அட்டைக்குப் பச்சை இலைப் படம் தேடுகிறேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு சர்டிஃபிகேட் படித்தால் மாறுமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மரம் நடப் போய்விடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேலையை விடலாமா என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. 'வந்ததை எக்ஸெல்லில் ஏற்றுகிறேன்' என்ற உங்கள் வரி என்னை நிறுத்திவிட்டது. பில்லே வராத விஷயங்களைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் விளக்க முடியவில்லை என்பதை விடுங்கள். சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் படியுங்கள், அதனால் இந்த அலுப்பு போகாது. உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது. அக்கறை இல்லாதவருக்கு இந்த வேலையில் சோர்வே வராது, மாதச் சம்பளத்தோடு நிம்மதியாக இருந்துவிடுவார். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கணக்குப் போடும் கட்டடங்களில் ஒன்றிலாவது மெஷின் ரூமுக்குப் போயிருக்கிறீர்களா? கடிதம் முழுக்க மெயிலும் எக்ஸெல்லும்தான். ஒரு இயந்திரம் இல்லை, அதை ஓட்டுகிற ஒரு ஆள் இல்லை. அப்புறம் வேலை வெறும் காகிதமாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

எழுத வருவதற்கு முன்னால் நான் எரிசக்தித் தணிக்கை வேலையில் இருந்தேன். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல் கணக்கு எல்லாவற்றையும் மேலாளர் அழகாக ஃபைல் போட்டுத் தந்துவிட்டார். கிளம்பும் நேரத்தில் ஏசி பார்க்கும் பெரியவர், "கேஸ் அடிச்ச கணக்கை யாரும் கேக்கறதே இல்லையே சார்" என்று ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். தேதி, மாடி, யூனிட் நம்பர், அடிப்பதற்கு முன் சிலிண்டர் எடை, அடித்த பின் எடை, எல்லாம் பென்சிலில். ஒரே யூனிட் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. லீக்கை யாரும் அடைக்கவில்லை, கேஸ் மட்டும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே கேஸும் அடக்கம் என்பதால் தனி பில் கிடையாது. பில் இல்லாததால் அறிக்கையிலும் அது இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. ஏசிகளில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுகளில் பூமியைச் சூடாக்கும் கணக்கில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007ஆம் ஆண்டு அறிக்கை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் வருவது சுமார் 2.68 கிலோ. ஆக, ஒரு கிலோ கேஸ் போனால் ஏறக்குறைய 780 லிட்டர் டீசலை எரித்த மாதிரி. டீசல் நூறு லிட்டர் குறைந்தால் செக்யூரிட்டி வரைக்கும் விசாரணை நடக்கும். கேஸ் போனால் 'கூலிங் கம்மியா இருக்கு' என்று ஒரு போன், அவ்வளவுதான். ஏசி இயந்திரங்கள் அறிக்கை தரும் நிறுவனத்தின் சொந்தக் கட்டுப்பாட்டில் இருந்தால், கார்பன் கணக்குக்கான உலகளாவிய விதிமுறையான ஜிஎச்ஜி புரோட்டோகால்படி இந்தக் கசிவு ஸ்கோப் 1, அதாவது நிறுவனமே நேரடியாக வெளியிடுவது. அதை விட்டுவிட்டு, சப்ளையர், வாடிக்கையாளர் என்று வெளியே மற்றவர்களிடமிருந்து வரும் ஸ்கோப் 3இன் 15 வகைகளுக்கும் உத்தேசக் கணக்கு போட்டு, கலர் கலராக வரைபடம் போடுகிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

மரம் நடுவது நல்ல காரியம், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யுங்கள். இந்த வாரம் மெயில் அனுப்பாமல் நேரில் போங்கள். ஏசி மெக்கானிக்கிடம் முதலில் அவர் வேலையைப் பற்றிப் பேசுங்கள், நோட்டை அப்புறம் கேட்கலாம். நோட்டே இல்லையென்றால் ஒப்பந்தக்காரரிடம் சர்வீஸ் சீட்டுகள் இருக்கும். புது யூனிட் பொருத்தும்போது நிரப்பியதைக் கழித்துவிடுங்கள். ஓடுகிற யூனிட்டில் குறைந்துபோனதற்காக அடித்ததெல்லாம் கசிந்ததுதான். அறிக்கை அச்சுக்குப் போவதற்குள் அந்த எண் ஸ்கோப் 1இல் ஏறியிருக்க வேண்டும். 'போன வருஷம் இது இல்லையே' என்று க்ளையன்ட் முனகினால், போன வருஷக் கணக்கையும் திருத்தச் சொல்லுங்கள்.