நனைந்த தானியத்துக்கு மட்டும் ஏன் தீட்டு?

அன்புள்ள ஐயா,

பைபிளின் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தில் ஓர் இடம் புரியவில்லை. செத்த எலியோ பல்லியோ விதைத் தானியத்தின்மேல் விழுந்தால் தீட்டில்லை, அதே தானியத்தில் தண்ணீர் வார்த்திருந்தால் தீட்டு என்கிறது. ஈரத்தில் நோய் பரவும் என்று அறிந்து செய்த சுகாதார ஏற்பாடுதானே இது? யூதர்கள் இன்றும் இதைக் கடைப்பிடிக்கிறார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுகாதாரம் என்ற விளக்கம் யூதச் சட்டத்துக்குள் போனால் நிற்பதில்லை. இந்த வசனங்களை விரித்துப் பேச, யூத வாய்மொழிச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் 'மக்‌ஷிரின்' என்று 6 அதிகாரங்கள் கொண்ட ஒரு நூலே இருக்கிறது. ஈரம் தானாகத் தீட்டாக்காது. தீட்டு ஒட்டக்கூடிய நிலைக்கு உணவைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அப்படிச் செய்யும் திரவங்கள் ஏழு: பனிநீர், தண்ணீர், திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், இரத்தம், பால், தேனீயின் தேன். மாதுளைச் சாறு பட்டால் ஒன்றும் ஆகாது. நோய்தான் கவலை என்றால் சாற்றை ஏன் விட்டார்கள்? அப்புறம், ஒருமுறை நனைந்த தானியம் நன்றாகக் காய்ந்த பிறகும் அந்த நிலையிலேயே இருக்கிறது. வயலில் நிற்கும் பயிரை மழை எவ்வளவு நனைத்தாலும் கணக்கில்லை.

என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. நனைந்தால் மட்டும் போதாது, அந்த ஈரம் மனிதனுக்கு வேண்டியதாக இருக்கவேண்டும். ஒருவர் மழையில் சுவர்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறார். கிண்ணம் கழுவப்படட்டும் என்று வைத்திருந்தால், அதில் பட்ட நீர் பிறகு உணவை நனைக்கும்போது சட்டம் செல்லும். சுவர் பாழாகாமலிருக்க வைத்திருந்தால் செல்லாது. மழையும் அதேதான், கிண்ணமும் அதேதான்! எருசலேம் மக்கள் கொள்ளையருக்குப் பயந்து அத்திப்பழ அடைகளைத் தண்ணீருக்குள் ஒளித்துவைத்த சம்பவமும் அந்த நூலில் வருகிறது. பழம் முழுக்க நனைந்துவிட்டது. ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒளிவிடம், ஈரம் அல்ல. அதனால் சட்டம் செல்லாது என்று ஞானிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பொருளைத் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க முடியாத, உடையவனின் மனதைக் கேட்டே தீர்மானிக்கவேண்டிய சட்டம் இது. அந்த நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

சரி, இன்று? கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பின் தூய்மைச் சட்டங்களில் பெரும்பாலானவை நடைமுறையில் இல்லை. ஆனால் திரவத்தில் தோய்த்து உண்பதற்கு முன் கை கழுவவேண்டும் என்ற விதி, மிஷ்னாவை விவாதிக்கும் தல்மூது என்ற நூலில் உண்டு. எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா இரவு விருந்தில் கீரைத்தண்டை உப்புநீரில் தோய்ப்பதற்கு முன், வழக்கமான ஆசீர்வாத வாசகம் சொல்லாமல் கை கழுவுவது அந்த விதியால்தான்.

அன்புடன்.