அரிசிப் பூஞ்சணமும் லாஸ்கர் விருதும்

அன்புள்ள ஐயாவுக்கு,

களுவாஞ்சிக்குடியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்குக் கொடுக்கிற லாஸ்கர் விருதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவன் எழும்பி, "நோபல் கிடைக்காத ஆட்களுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசா டீச்சர்?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

ஆறுதல் பரிசு இல்லை. மைக்கல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் கொலஸ்ட்ரோல் ஆய்வுக்காக 1985இல் லாஸ்கரையும் வாங்கினார்கள், அதே வருடம் நோபலையும் வாங்கினார்கள். அல்பேர்ட் லாஸ்கரும் மனைவி மேரியும் 1945இல் தொடங்கிய விருது இது. அடிப்படை ஆய்வுக்கு ஒன்று, நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்த மருத்துவத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த இரண்டாவதுதான்.

ஆனாலும் அந்தப் பிள்ளை கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா என்டோவுக்குக் கடைசிவரை நோபல் கிடைக்கவில்லை. 2008இல் லாஸ்கர் கிடைத்தது. 2024இல் காலமானார்.

என் அம்மா படுவான்கரையில் இருக்கிறார். கிளினிக் நாளில் விடியவே போய் நம்பர் எடுத்து, மத்தியானம் சின்னக் கடதாசி உறைகளோடு திரும்புவார். அதில் ஒன்றில் பேனாவால் 'இரவு 1' என்று எழுதியிருக்கும். அம்மாவுக்கு அது 'கொழுப்புக் குளிசை'. பெயர் அற்றோவஸ்ரற்றின். இந்த வகைக் குளிசைகளுக்கு வழி திறந்தவர் என்டோ.

ஜப்பானில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர். ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதற்கு ஒரு நொதியம் வேண்டும். அதைத் தடுக்கிற பொருளை ஏதாவது ஒரு பங்கசு சுரக்கக்கூடும் என்று நம்பி, 1971இலிருந்து இரண்டு வருடம், ஏறத்தாழ 6,000 பங்கசுகளைத் தேடிப் பார்த்தார். அகப்பட்டது கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் இருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில். மாரியில் மூட்டையின் அடியில் ஈரம் ஏறினால் நம் வீட்டு அரிசியிலும் அந்த நிறம் பார்க்கலாம். அம்மா அதைக் கோழிக்குக்கூடப் போடமாட்டார். அவர் செய்வது சரி, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்: அதே இனப் பங்கசு சிறுநீரகத்தைக் கெடுக்கிற நஞ்சையும் சுரக்கும். வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்ததில்தான் என்டோவின் உழைப்பு இருக்கிறது.

அப்புறம்தான் சோதனையே. எலிக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரோல் இறங்கவில்லை. அத்தோடு கதை முடிந்திருக்கும். முட்டையின் மஞ்சட்கருவில் கொலஸ்ட்ரோல் நிறைய இருக்கிறது, அப்படியானால் முட்டையிடுகிற கோழியின் உடம்பு அதை நிறையச் செய்யவேண்டுமே என்று யோசித்து, கோழிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக இறங்கியது! எனக்கு இந்த இடத்தை எத்தனை தரம் வாசித்தாலும் மனம் பொங்கும். பிறகு நாய்களில் பாதிப்பு வருகிறது என்ற சந்தேகத்தில் 1980இல், என்டோ இந்த ஆய்வைச் செய்த மருந்து நிறுவனம் வேலையை நிறுத்திவிட்டது. வேறொரு நிறுவனம் இன்னொரு பங்கசிலிருந்து எடுத்த, இதே வகை மருந்தான லோவஸ்ரற்றின்தான் 1987இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது. அம்மாவின் குளிசை இரசாயனமுறையில் செய்வது, பூஞ்சணத்திலிருந்து எடுப்பதில்லை. ஆனால் அது தடுப்பதும் என்டோ குறிவைத்த அதே நொதியத்தைத்தான்.

இந்த நெடும் பாதையில் நடந்தவரைத் தேடிப்பிடித்துக் கௌரவித்ததற்காகவே லாஸ்கரை நான் மதிக்கிறேன். அந்தத் தம்பிக்கு முதலில் கோழிக் கதையைச் சொல்லுங்கள். எலிக்கு ஏன் வேலை செய்யவில்லை என்று அவன் கட்டாயம் கேட்பான். அதற்கு அவன் என்ன காரணம் சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.