மனைப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோவதற்கு முன்

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அம்மாவும் மகளும், அவளுடைய மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்கத் தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில், பேச வேண்டியவள் பேசியது நான்கைந்து வாக்கியங்கள்தான். மீதி நேரம் முழுவதும் நியூஜெர்சியில் இருக்கும் அவளுடைய மாமாவின் கருத்தை நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சென்னைக்கு அருகே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ், விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு 20 லட்சம், செங்கல்பட்டுப் பக்கம் நீங்கள் வாங்கிப் போட்டிருக்கும் மனையை ஈடு வைத்துக் கல்விக்கடன் என்று எல்லாமே ஏறக்குறைய முடிவாகிவிட்ட தொனியில் இருந்தது பேச்சு. இடையில் கிடைத்த ஒரு நிமிடத்தில் அவள் கேட்டாள்: "சுற்றுச்சூழலையும் சமூக நீதியையும் தனித்தனியாக இல்லாமல் சேர்த்துச் சொல்லித்தரும் படிப்பு இருக்கிறதா?" நீங்கள் சிரித்துவிட்டு, "இதற்கெல்லாம் எங்கே சார் வேலை?" என்றீர்கள். மகள் முன்னால் வாதாட வேண்டாம் என்று நானும் பொதுவாக நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தேன். அப்படி அனுப்பியது சரியில்லை என்று பிறகு பட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம். வழக்கமான கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்தை ஈடாகக் கேட்கும். ஆண்டுக்கு 5 லட்சமாக நான்கு ஆண்டுகள் வாங்கி, 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், படிப்பும் அதற்குப் பிந்தைய ஓராண்டுச் சலுகைக் காலமும் முடிகிறபோது தனி வட்டிக் கணக்கிலேயே 7 லட்சம் ஏறியிருக்கும். 27 லட்சத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 35,700 ரூபாய். நீங்கள் ஓய்வு பெற இன்னும் ஐந்து ஆண்டுகள் என்று சொன்னீர்கள்; அதாவது முதல் தவணை விழும் மாதமும் உங்கள் கடைசிச் சம்பள மாதமும் கிட்டத்தட்ட ஒன்று. விருப்பத்தோடு போகிற பிள்ளைக்காக இந்தச் சுமையைத் தூக்கலாமா என்று பேசலாம். விருப்பமில்லாத பிள்ளையை அனுப்புவதற்காக ஓய்வுக்காலத்தின் ஒரே சொத்தை ஈடு வைப்பதற்கு நான் ஒருபோதும் சரி என்று சொல்லமாட்டேன். மாமா தொலைபேசியில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். தவணை கட்டப்போவது அவரல்ல.

அம்மா கைப்பேசியில் காட்டிய விளம்பரத்தையும் விட்டுவிட முடியாது. சஸ்டெயினபிலிட்டி (நீடித்த வளர்ச்சி) என்று பெயரிட்ட பி.பி.ஏ. என்னும் வணிக நிர்வாகப் பட்டம், கண்ணாடிக் கட்டடம், புல்வெளி. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய விரிவான அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கிய பிறகு, இப்படிப்பட்ட படிப்புகள் பெருகின. அறிக்கை எழுதவும் ஆள் வேண்டும்தான். ஆனால் உங்கள் மகள் கேட்டது அதுவல்ல என்பதோடு, அதன் கட்டணமும் 20 லட்சத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

"எல்லாக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் பாடம் இருக்கிறதே, பொறியியலிலேயே படித்துக்கொள்ளட்டும்" என்றும் சொன்னீர்கள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த உத்தரவுதான் சுற்றுச்சூழல் கல்வியை எல்லா நிலைகளிலும் கட்டாயமாக்கியது. அதன் வழியில் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டத்துக்கு ஒரு பொதுத் தாளை வகுத்தது. 2023இல் அதைக் குறைந்தது 4 கிரெடிட் உள்ளதாகத் திருத்தியது. நோக்கத்தில் குறையில்லை. நடைமுறையில், பல கல்லூரிகளில் அது தேர்வுக்கு முந்தைய இரவு சிப்கோ இயக்கத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் தாளாகவே நிற்கிறது. ஒரு படிப்பில் இந்த விஷயங்கள் உண்மையிலேயே கலந்திருக்கின்றனவா என்று பார்க்க நான் கையேட்டின் முன்னுரையைப் படிப்பதில்லை. பருவவாரியான பாடப் பட்டியலை எடுத்து, மாணவர் வாரத்தில் அதிக மணிநேரம் உட்காரும் முதன்மைத் தாளில் நதியும் குடிசையும் வருகின்றனவா, இல்லை ஏழாம் பருவத்தில் விருப்பப் பாடமாக ஓரத்தில் ஒட்டியிருக்கின்றனவா என்றுதான் பார்ப்பேன்.

அப்படிப் பார்க்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பது பி.பிளான் எனப்படும் நான்காண்டு நகர் ஊரமைப்புத் திட்டமிடல் பட்டம். சமூகப்பணி, சட்டம், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவற்றை நீங்களே விசாரித்திருப்பீர்கள். பி.பிளானை உங்கள் உறவினர்களில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்கு இதன் விளைவு தெரியும். செங்கல்பட்டு மனையை வாங்கும் முன் டிடிசிபி அப்ரூவல் இருக்கிறதா என்று மூன்று முறை விசாரித்ததாக நீங்களே சொன்னீர்கள். அந்த மனைப்பிரிவில் சாலை எத்தனை அடி, பூங்காவுக்கு எவ்வளவு இடம், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்த்து வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் துறைதான் நகர் ஊரமைப்பு இயக்ககம். அது செய்யும் வேலையைத்தான் இந்தப் பட்டம் கற்றுத்தருகிறது. அந்த ஒப்புதல் எண் இல்லாவிட்டால் உங்கள் பத்திரத்தை வங்கி திரும்பிக்கூடப் பார்க்காது.

தில்லியிலேயே, ஐ.டி.ஓ. அருகில், ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்கிடெக்சர் இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனம். போபாலிலும் விஜயவாடாவிலும் இதே வகையில் 2008இல் தொடங்கப்பட்ட நிறுவனங்கள் உள்ளன. இந்தப் படிப்பின் முதுகெலும்பு ஸ்டுடியோ என்னும் வகுப்பு. வாரத்தில் பல மணிநேரம் அதில்தான் கழியும். ஒரு குடியிருப்பைக் கொடுத்துவிடுவார்கள். மாணவர்கள் நாடாவும் படிவமுமாகப் போய், சந்து எத்தனை அடி அகலம், ஒரு குழாய்க்கு எத்தனை வீடு, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, வாடகைக்கு இருப்பவர் யார், சொந்தக்காரர் யார், வடிகால் எந்த இடத்தில் அடைபடுகிறது, தொடக்கப் பள்ளி எவ்வளவு தூரம் என்றெல்லாம் எடுத்துவந்து, அவற்றை ஒரே அடிப்படை வரைபடத்தின் மேல் அடுக்கடுக்காக வரைய வேண்டும். மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டு நெறிகள் 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி என்கின்றன. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எந்தத் தெரு விடுபட்டது என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு வெளியாட்கள் அடங்கிய ஜூரி என்னும் மதிப்பீட்டுக் குழு முன்னால் நின்று, ஏன் இந்தக் கோட்டை இங்கே போட்டாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவுக்குத் துணையாகப் புள்ளியியல், மக்கள்தொகையியல், பொருளியல், சமூகவியல், போக்குவரத்து, நில அளவை, வரைபடத்தோடு தகவல்களை இணைக்கும் ஜிஐஎஸ் மென்பொருள், திட்டமிடல் சட்டம் எல்லாம் வரும்.

சுற்றுச்சூழலும் சமூக நீதியும் இந்தத் துறைக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவையும் அல்ல. 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென்று அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது: முதலாவது நகரத் திட்டமிடல், அதே பட்டியலில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு, அடுத்ததாக நலிந்த பிரிவினரின் நலன் காத்தல், அதற்கடுத்து குடிசைப் பகுதி மேம்பாடு. (ஒரு கொசுறுச் செய்தி: 1914-15இல் தஞ்சைக்கும் மதுரைக்கும் வந்த ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ், நெரிசலைத் தீர்க்க வீடுகளை வரிசையாக இடிப்பதை எதிர்த்து, தேவையான இடத்தில் மட்டும் கத்திவைக்கும் வைத்தியர்போல நகரைச் சீராக்கலாம் என்று வாதாடினார். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் அவர்.)

இனி உங்கள் மகளைப் பற்றி. நீங்களும் அம்மாவும் வெளியே வண்டிக்குப் போனபோது, அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப், மழைக்காலத்துக்கு முன் வடிகாலைச் சீராக்க வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அகற்றப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அங்கிருந்த 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன, அந்த வீடுகளும் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அப்படிப் போனவள். அந்தத் தோழி லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு வந்து சேர எத்தனை பேருந்து மாற வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க அட்டவணை போட்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் வடிகாலின் படம். அது எங்கே குறுகுகிறது, மழை பெய்தால் எந்தக் காலனிக்குள் தண்ணீர் ஏறும் என்று அம்புக்குறிகள். யாரும் மதிப்பெண் தரப்போவதில்லை என்று தெரிந்தும் செய்த வேலை. வெள்ளம் நிற்க வேண்டும் என்பதும் நியாயம், அந்தப் பெண் பள்ளிக்கு வர வேண்டும் என்பதும் நியாயம். இரண்டையும் ஒரே விரிப்பில் வைத்துப் பார்க்கும் புத்தி அவளுக்கு இயல்பாக இருக்கிறது. அதற்குப் பயிற்சி தரும் இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் கொண்டுபோய் அடைக்காதீர்கள்.

வேலை பற்றிய உங்கள் கேள்விக்கு முழுப் பதிலையும் சொல்கிறேன், கசப்பையும் சேர்த்து. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாநிலத் துறைகளில் 12,000க்கும் மேற்பட்ட நகரத் திட்டமிடுநர்கள் தேவைப்படும் இடத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 4,000ஐக்கூட எட்டவில்லை. அவற்றிலும் ஏறக்குறைய பாதி காலி. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டமே இல்லை. தேவை இருக்கிறது என்பதற்காக வேலை உடனே கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்: பல மாநிலங்களில் இந்தப் பணிக்குத் திட்டமிடல் பட்டம் கட்டாயத் தகுதி அல்ல என்று அதே அறிக்கை குறைப்படுகிறது. பட்டம் முடித்தவர்களில் பலர் முதலில் ஆலோசனை நிறுவனங்களிலும் மெட்ரோ, வீட்டுவசதித் திட்டங்களிலும் சேர்கிறார்கள். சிலர் முதுநிலை படிக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் மாமா சொல்லும் மென்பொருள் சம்பளத்துக்குக் கீழேதான் இருக்கும். மனைப்பிரிவு வரைந்து கொடுத்தே காலம் தள்ளுபவர்களும் உண்டு. ஆனால் அரசு நிறுவனத்தில் படித்து, ஆர்.கே. புரம் வீட்டிலிருந்தே போய்வந்தால், விடுதிச் செலவும் இல்லை, மனையை ஈடு வைக்கும் தேவையும் இல்லை. தலையில் மாதம் 35,700 ரூபாய் இல்லாத பெண்ணால் குறைந்த சம்பளத்தில் தொடங்கித் தனக்குப் பிடித்த வேலைக்காகக் காத்திருக்க முடியும்.

சேர்க்கைக்கு ஜே.இ.இ. மெயின் தேர்வின் 2பி தாளை எழுத வேண்டும். பொறியியலுக்கான முதல் தாளை எழுதினாலும் இதையும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். 100 கேள்விகள், 400 மதிப்பெண்கள்: கணிதம் 25, பொது உளச்சார்பு 50, திட்டமிடல் சார்ந்தவை 25. ஓவியத் தேர்வு கட்டடக்கலைக்குத்தான், இதற்கு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருப்பதுதான் முக்கியம். வணிகவியலோடு கணிதம் எடுத்த பிள்ளைகளும் எழுதலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தமிழிலும் எழுத முடியும். கேள்வித்தாளின் திட்டமிடல் பகுதிக்கு அவள் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்கட்டும். ஜனவரி, ஏப்ரல் என இரண்டு அமர்வுகள். இரண்டில் எதில் மதிப்பெண் அதிகமோ அதுவே கணக்கில் வரும். இடங்கள் குறைவு. தில்லியில் கிடைக்காவிட்டால் விஜயவாடா விடுதிக்கு அனுப்புவீர்களா என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், கலந்தாய்வு நாளன்று அல்ல. எதுவும் அமையாவிட்டால் தில்லிப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, முதுநிலைக்குப் பிறகு திட்டமிடலுக்கு வரும் பாதை இருக்கிறது. ஆகவே பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

ஓபிசி இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பதாக இருந்தால் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை அப்படியே நீட்ட வேண்டாம். மத்திய அரசின் படிவத்தில், கலந்தாய்வு நடக்கும் ஆண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைத்தான் கேட்பார்கள். தில்லியில் குடியேறியவர்களுக்கு அதை வாங்க நாளாகும். உங்கள் பெயரிலுள்ள சான்றிதழ், இங்கே வசிப்பதற்கான ஆதாரம் இரண்டையும் இந்த வாரமே எடுத்து ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள்.