வார்டில் நிற்கும் செவிலியருக்குத் தகவல் தேடும் பாடம் எதற்கு?

நர்சிங் படிக்கும் தங்கைக்கு 'தகவல் தேடல்' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள், ஊசி போடப் போகிறவளுக்கு அது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஊசி போடப் போகிறவள்' என்ற இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் நோயாளியைப் பார்க்க வந்திருப்பீர்கள். இரவு இரண்டு மணிக்கு வார்டில் நின்றிருக்க மாட்டீர்கள். நான் பதினேழு வருடமாக நிற்கிறேன்.

2016. ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி. நிமோனியாவுடன் ஒரு பெரியவர். நாக்கு வறண்டு வந்ததால் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல்) டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கேஸ் ஷீட்டில் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஒரு கிராம். குப்பியில் இருந்த மருந்துப் பொடியைக் கரைத்துச் சிரிஞ்சில் எடுத்த பிறகுதான் அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய படம் நினைவுக்கு வந்தது. சிவப்பு எழுத்தில், "செஃப்ட்ரையாக்சோன் போட்ட 48 மணி நேரத்துக்குள் கால்சியம் உள்ள எதையும் ஏற்றாதீர்கள். உயிருக்கு ஆபத்து." ஆர்.எல்.லில் கால்சியம் இருக்கிறது. கை நின்றுவிட்டது.

டூட்டி டாக்டர் போன வாரம்தான் சேர்ந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் அவருக்கும் வியர்த்தது. பெரிய டாக்டர் போனை எடுக்கவில்லை. ஊசி காலை ஆறு மணிக்குத்தான் போனது. அந்த நான்கு மணி நேரமும் பெரியவர் இருமியது இன்னும் காதில் இருக்கிறது.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் திட்டவில்லை. "இது எந்த வருடத்துச் சங்கதி சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். படத்தில் வருடமே இல்லை. 2007இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்படித்தான் எச்சரித்தது, பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் மருந்தும் கால்சியமும் சேர்ந்து படிந்து இறப்புகள் நேர்ந்திருந்தன. 2009இல் அவர்களே அதைத் திருத்திவிட்டார்கள். பிறந்து 28 நாள் வரையிலான குழந்தைகளுக்குத் தடை அப்படியே இருக்கிறது. மற்றவர்களுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே லைனில், அதாவது ஒரே டிரிப்ஸ் குழாயில், விடக்கூடாது, அவ்வளவுதான். டிரிப்ஸை நிறுத்தி, லைனை என்.எஸ். (சாதாரண உப்புநீர்) விட்டுக் கழுவி, ஊசியைப் போட்டு, மறுபடி கழுவிவிட்டு ஆர்.எல்.லைத் தொடரலாம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இது இருந்தது, எறும்பு எழுத்தில். அந்தத் தாளை நாங்கள் பிரித்ததே இல்லை, நேரே குப்பைக்கூடைதான்.

"சந்தேகம் வந்தால் நிறுத்துவதுதானே முறை?" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஆமாம், நிறுத்தியதற்கு நான் வருந்தவில்லை. யாருக்கான எச்சரிக்கை, எப்போதையது என்று பார்க்கத் தெரியாமல் விடிய விடிய நின்றதற்குத்தான் வருந்துகிறேன். மருத்துவருக்குப் பாடம் எடுக்கிறேன் என்றும் கிளம்ப வேண்டாம். மருந்தை எழுதுவது அவர். நோயாளியின் உடம்புக்குள் போகும் முன் அதைக் கடைசியாகப் பார்ப்பது நான்.

ஆனால் பார்ப்பதற்கு விட்டால்தானே? அங்கே வார்டில் செவிலியர் கையில் போன் இருந்தால் 200 ரூபாய் பிடித்தம். கணினி பில் போடுகிறவருக்கு மட்டும். மருந்தளவைச் சரிபார்க்கப் போனை எடுத்தால் "சிஸ்டர் யூடியூப் பார்க்கிறார்" என்று நோயாளியின் மருமகன் வீடியோ எடுக்கிறார். அதே மருமகன் ஃபேன் ஓடவில்லை என்றாலும் எங்களைத்தான் கூப்பிடுகிறார். ஃபேனுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? எலக்ட்ரீஷியனை யாரும் டிரிப்ஸ் மாற்றச் சொல்வதில்லை. சரி, விடுங்கள்.

இப்போது எனக்குச் சில பழக்கங்கள். கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் தேடுவேன். வருடம் போடாத படத்தை நம்புவதில்லை. பெட்டித் தாள்களைச் சேர்த்து, வார்டு அலமாரியில் ஒரு பழைய டைரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் கட்டுரைச் சுருக்கங்களை இலவசமாகப் படிக்கலாம் என்பதை என் தம்பி மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் காலத்தில் இதைக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. உங்கள் தங்கைக்குச் சொல்கிறார்கள், படிக்கட்டும்.

போன மாதம் குழுவில் அதே சிவப்பு எழுத்துப் படம் மறுபடி வந்தது. கீழே "இது 2007, 2009இல் மாற்றிவிட்டார்கள்" என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அடுத்து ஒருவர் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்பினார்.