வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள். பரிமாற்றப் பருவத்தைக் கேளுங்கள்

ஈரோட்டில் நூல் வணிகம் செய்யும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பி.காம் இறுதியாண்டு படிக்கும் மகளுக்கு இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி மேனேஜ்மென்ட் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து லட்சம் ஆகும். லண்டனில் உள்ள தாய்மாமன் நெருக்குகிறார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாமா என்பது அவர் கேள்வி.

ஐயா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் பத்திரத்தை வைக்காதீர்கள். தாய்மாமன் போன காலத்து இங்கிலாந்து இன்று இல்லை. படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தங்கும் இரண்டாண்டு அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதன்பின் பணி விசாவுக்கு மாற ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுண்டும், இளம் பட்டதாரிகளுக்கான சலுகையில் 33,400 பவுண்டும் இருக்க வேண்டும். பணி அனுபவமே இல்லாத இருபத்திரண்டு வயதுப் பெண் அதை எட்டிவிடுவாள் என்று நம்பி வீட்டை ஈடுவைப்பதைச் சூதாட்டம் என்றுதான் சொல்வேன்.

வெளிநாட்டுப் படிப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். திருச்சி, கோழிக்கோடு, பெங்களூரு ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) உள்ளிட்ட பல கல்லூரிகளில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஒரு பருவத்தை வெளிநாட்டுக் கூட்டுக் கல்லூரியில் படிக்கலாம். இதைத்தான் பரிமாற்றப் பருவம் என்கிறேன். கல்விக் கட்டணத்தை இங்கேயே கட்டுவதால் அங்குள்ள கல்லூரி தனியாக எதுவும் வாங்காது. அங்கே எடுத்த கிரெடிட்கள் இங்குள்ள மதிப்பெண் பட்டியலில் சேரும். விமானம், விசா, காப்பீடு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவை மட்டுமே உங்கள் பொறுப்பு. ஐரோப்பியக் கல்லூரி, ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வித் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் நிதியைப் பெற்றிருந்தால், தேர்வாகும் மாணவருக்கு மாத உதவித்தொகையும் பயணப்படியும் கிடைக்கும். இடங்கள் குறைவு என்பதால் பெரும்பாலும் முதலாண்டு மதிப்பெண்ணே தீர்மானிக்கும். தங்குவது 90 நாளைத் தாண்டினால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா போதாது, அந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டு திண்டாடுபவர்கள் உண்டு. திரும்பி வரும் தேதி வளாக நேர்காணல்களோடு மோதுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வந்தது: கடையின் சரக்கு இருப்புக் கணக்கையும் ஜிஎஸ்டி தாக்கலையும் மகளே பார்க்கிறாள், திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் கப்பல் ஆவணங்களை ஆசையாக வாங்கிப் படிக்கிறாள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். 1988-இல் தொடங்கிய செம்ஸ் என்னும் பன்னாட்டு மேலாண்மைக் கூட்டமைப்பில் ஐஐஎம் கல்கத்தா உறுப்பினர். ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் இருக்கும், நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர மேலாண்மைப் பள்ளியும் உறுப்பினர். இந்தக் கூட்டமைப்பின் படிப்பில் சேர்பவர்கள் ஒரு பருவத்தை வேறோர் உறுப்புக் கல்லூரியில் படிக்கலாம். சரக்குப் போக்குவரத்தில் நாட்டமுள்ள பெண் ஒரு பருவம் படிக்க அதைவிடப் பொருத்தமான ஊர் எது? பொதுவான மேனேஜ்மென்ட் பட்டம் அவளுடைய நாட்டத்துக்கு என்ன செய்துவிடும்?

ஐஐஎம் கட்டணமும் சிறு தொகையன்று. அதற்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வும் எளிதன்று. ஆனால் பிஎம் வித்யாலட்சுமி என்னும் ஒன்றிய அரசின் கல்விக் கடன் திட்டத்தில் சேர்ந்துள்ள இந்தியக் கல்லூரிகளில் படிக்க ஈடின்றிக் கடன் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு அந்தத் திட்டம் இல்லை. ஓராண்டு உங்கள் கடையிலோ ஓர் ஏற்றுமதி நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே கேட் தேர்வுக்குத் தயாராகட்டும். மைத்துனரிடம் நீங்கள் ஒன்று மட்டும் கேளுங்கள்: மாதத் தவணையில் அவர் எவ்வளவு கட்டுவார்? அடுத்த முறை என்னிடம் உங்கள் மகளே பேசட்டும்.