மொரில் சட்டத்தின்படி அரசு கொடுத்த நிலத்தில்தான் அமெரிக்கக் கல்லூரிகளைக் கட்டினார்களா?

பெரும்பாலும் இல்லை. மாநிலங்கள் வேளாண்மையும் தொழில்நுட்பமும் சொல்லித்தரும் கல்லூரி தொடங்க அமெரிக்க அரசு நிலம் ஒதுக்கிய சட்டம் அது; ஆனால் அந்த நிலம் பெரும்பாலும் விற்றுக் காசாக்கத்தான். நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குறிப்பு நூல்களில் "1862, லிங்கன், இலவச நிலம்" என்று ஒற்றை வரியோடு முடித்துவிடுவார்கள். லிங்கன் செய்தது ஜூலை 2 அன்று கையெழுத்துப் போட்டது. ஐந்து வருடம் மல்லுக்கட்டியவர் வெர்மான்ட் மாநிலத்தின் கீழவை உறுப்பினர் ஜஸ்டின் மொரில். அவர் பெயரைச் சட்டத்தில் வைத்துவிட்டு ஆளை மறந்துவிடுகிறார்கள்.

கொல்லர் மகன். பதினைந்து வயதோடு பள்ளி முடிந்தது, கல்லூரிக்குக் காசில்லை. கடைக் கணக்கராகத் தொடங்கி, கடைப் பங்குதாரராகி, 38 வயதிலேயே வியாபாரத்தை விட்டுவிட்டார். மசோதாவை முதலில் 1857 டிசம்பரில் கொண்டுவந்தார். கீழவையில் 105-100, செனட்டில் 25-22 என்று தட்டுத்தடுமாறி நிறைவேறியதை 1859இல் ஜனாதிபதி புக்கானன் ரத்து அதிகாரத்தால் திருப்பி அனுப்பினார். தென் மாநிலங்கள் பிரிந்து போன பிறகே வழி திறந்தது.

இப்போது நிலத்துக்கு வருவோம். ஒரு மாநிலத்துக்கு எத்தனை செனட்டர், எத்தனை பிரதிநிதியோ, தலைக்கு 30,000 ஏக்கர். நியூயார்க்குக்கு 33 பேர், ஆக 9,90,000 ஏக்கர். ஆனால் கிழக்கு மாநிலங்களில் கூட்டாட்சி அரசின் நிலமே மிச்சமில்லை. அதனால் அந்த மாநிலங்களுக்கு நிலம் எடுக்கும் உரிமைச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு சீட்டுக்கு 160 ஏக்கர். அதை வைத்து ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தில் நிலம் எடுக்க முடியாது, விற்கத்தான் வேண்டும். வாங்கியவர் மேற்கே போய் நிலத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

கோளாறு இங்கேதான். அரசு நிலத்தின் குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 1.25 டாலர். ஆனால் அதே 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறுபவருக்கு 160 ஏக்கரைச் சும்மாவே கொடுத்தது. பல மாநிலங்கள் ஒரே நேரத்தில் சீட்டைச் சந்தையில் கொட்டின. ரோட் ஐலண்ட் 1,20,000 ஏக்கரை 50,000 டாலருக்குத் தள்ளியது, ஏக்கருக்குச் சுமார் 42 சென்ட். சீட்டு விலை விழும், நிலம் ஊக வணிகர் கைக்குப் போகும் என்று புக்கானன் எச்சரித்தது பலித்தது. (அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும்.)

அவசரப்பட்டு விற்காமல் பொறுத்தவர் தந்தித் தொழிலதிபர் எஸ்ரா கார்னெல். நியூயார்க்கின் சீட்டுகளை வாங்கி விஸ்கான்சின் பைன் காடுகளில் சுமார் 5 லட்சம் ஏக்கர் பிடித்துப் போட்டார். மரத்துக்கு விலை ஏறியபின் விற்றதில் அவர் பெயரிலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலர் சேர்ந்தது.

விற்ற பணத்திலும் கைவைக்க முடியாது. மூலதனத்தை 5 சதவீதத்துக்குக் குறையாத வட்டியில் போட்டு, வட்டியை மட்டும் செலவழிக்கலாம். மூலதனத்தில் 10 சதவீதம் வரை எடுத்து இடமோ பரிசோதனைப் பண்ணையோ வாங்கலாம். கட்டடம் கட்டவோ பழுது பார்க்கவோ ஒரு சென்ட் கூடாது. ஐந்து வருடத்துக்குள் கல்லூரியும் தொடங்க வேண்டும். கட்டடத்துக்கு வழியில்லாமல் சில மாநிலங்கள் இருக்கிற தனியார் கல்லூரியிடமே ஒப்படைத்தன. ரோட் ஐலண்டில் பிரவுன், கனெக்டிகட்டில் யேல்.

"யோசனை இல்லினாய்ஸ் பேராசிரியர் டர்னருடையது" என்று சண்டைக்கு வருவார்கள். டர்னர் முன்பே பேசியவர்தான், மறுக்கவில்லை. "அந்த நிலம் பழங்குடிகளிடமிருந்து பறித்தது" என்பவர்களுக்கும் பதில் ஆம்தான். சட்டத்தின் வாசகத்தில் அவர்கள் பேச்சே இல்லை.

சீட்டு வியாபாரத்தில் பாடம் படித்த மொரில், 80 வயதில், 1890இல் கொண்டுவந்த இரண்டாம் சட்டத்தில் மாநிலங்களுக்கு நிலமோ சீட்டோ கொடுக்கவில்லை. மாநிலத்துக்கு வருடம் 15,000 டாலர் ரொக்கம், ஆண்டுக்கு 1,000 கூட்டி 25,000 வரை. நிறம் பார்த்துச் சேர்க்கிற கல்லூரிக்குப் பணமில்லை, கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி வைத்து அதற்கும் பங்கு கொடுத்தால் ஒழிய.