ஐம்பது வருஷப் பழைய தொடரை மறுபடி எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி: வணக்கம் மேடம். நான் பிரிட்டனில் வசிக்கிறேன், திரைக்கதை எழுதிப் பழகி வருகிறேன். 1975இல் பிபிசியில் வந்த ‘சர்வைவர்ஸ்’ தொடரை, அதாவது கொள்ளைநோயில் ஏறக்குறைய எல்லோரும் செத்துப்போய் மிச்சமிருக்கும் சிலர் பிழைக்கப் போராடும் அந்தக் கதையை, இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மறுபடி எடுக்க வேண்டும் என்று ஊரடங்கு நாட்களிலிருந்து ஆசை. முதல் எபிசோடும் முழு சீசனுக்கான கதைச்சுருக்கமும் தயார். ஏபி, கிரெக், ஜென்னி மூவரையும் அப்படியே வைத்திருக்கிறேன். தப்பான ஆளுக்கு மரண தண்டனை கொடுத்துவிடும் அந்த எபிசோடையும் சேர்த்திருக்கிறேன், மற்றதெல்லாம் மாற்றிவிட்டேன். ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனம் ஆர்வம் காட்டி, உரிமை ஆவணங்களை அனுப்பச் சொல்கிறது. என்னிடம் ஒரு தாளும் இல்லை. தொடர் பழசு, எழுதியவரும் இறந்துவிட்டார், இருபது சதவீதம் மாற்றினாலே போதும் என்கிறார் நண்பர். ஆரம்பத்தில் இவரும் நானும் சேர்ந்துதான் கதையை யோசித்தோம், பாதியில் விலகிக்கொண்டார். பிபிசிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி கேட்டால் போதுமா?

பதில்: போதாது. ஏன் என்பதற்கு வருவதற்கு முன்னால், அந்த இருபது சதவீதக் கணக்கை மறந்துவிடுங்கள். யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை, வருகிற கட்சிக்காரர்களில் பாதிப்பேர் அதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள், சிலர் பத்து, சிலர் முப்பது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. ‘கணிசமான பகுதி’ எடுக்கப்பட்டதா என்றுதான் 16ஆம் பிரிவு கேட்கிறது, அதையும் நீதிமன்றம் பக்கக்கணக்கில் பார்க்காது, எடுத்தது எவ்வளவு முக்கியமானது என்றுதான் பார்க்கும். நீங்கள் எண்பது சதவீதத்தை மாற்றிவிட்டு, போர்டிங் பள்ளியில் இருந்த மகனைத் தேடி அலையும் ஏபி கிராண்டை மட்டும் வைத்துக்கொண்டாலும், வைத்துக்கொண்டது கதையின் முதுகெலும்பைத்தான்.

பழசு என்பதும் எடுபடாது. தொடரை உருவாக்கிய டெரி நேஷன் 1997இல் இறந்தார். எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் என்பது கணக்கு, ஆக அவர் எழுதியதெல்லாம் 2067 முடியும்வரை காப்பிரைட்டில் இருக்கிறது.

சரி, பிபிசி விஷயம். நிலம் வாங்கும்போது விற்கிறவர் நல்லவரா என்று மட்டும் பார்ப்போமா? மூலப்பத்திரம் யார் பேரில், கை மாறி வந்த ஒவ்வொரு பத்திரமும் சரியாக இருக்கிறதா, வில்லங்கம் உண்டா என்று பார்ப்போம். அந்தத் தயாரிப்பு நிறுவனம் கேட்பதும் அதைத்தான், அவர்கள் பாஷையில் ‘செயின் ஆஃப் டைட்டில்’. இது இல்லாமல் தயாரிப்புக்கான காப்பீடு கிடைக்காது, காப்பீடு இல்லாத தொடரை எந்தச் சேனலும் தொடாது. உங்கள் சிக்கல் என்னவென்றால், ‘சர்வைவர்ஸ்’ ஒரே பட்டாவில் இருக்கும் நிலம் இல்லை.

1975 முதல் 1977 வரை மூன்று சீசன், 38 எபிசோடுகள். இதில் டெரி நேஷன் முதல் சீசனோடு விலகிவிட்டார், அந்த முதல் சீசனிலேயே 13 எபிசோடில் அவர் எழுதியது 7தான். மிச்சத்தை ஜாக் ராண்டரும் கிளைவ் எக்ஸ்டனும் எழுதினார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால் காப்பிரைட் முதலாளிக்குப் போகும். வெளியிலிருந்து எழுதிக்கொடுக்கிற எழுத்தாளர் விஷயத்தில், அவர் கையெழுத்திட்டு எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தால் ஒழிய அது அவரிடமே இருக்கும், அவருக்குப் பின் வாரிசுகளிடம். பிபிசி ஒளிபரப்பியது என்பதால் எல்லாம் பிபிசியுடையது என்று நினைப்பது, வாடகைக்குக் குடியிருப்பவரிடம் போய் வீட்டைக் கிரயம் பேசுவது மாதிரி ஆகிவிடலாம். எந்த எபிசோடில் எது யாரிடம் என்பதை 1974-75இல் போட்ட ஒப்பந்தங்கள்தான் சொல்லும்.

உங்களுக்கு மிகவும் பிடித்த அந்த மரண தண்டனை எபிசோடையே எடுத்துக்கொள்வோம். குடியிருப்பில் ஒரு கொலை நடக்கிறது, எல்லோரும் கூடி வாக்கெடுத்து அப்பாவி பார்னியைக் கொன்றுவிடுகிறார்கள், உண்மையில் கொன்றது டாம் பிரைஸ். தொடரிலேயே ஆகச் சிறந்த எபிசோடு இதுதான் என்பது என் கட்சியும். ஆனால் இதை எழுதியவர் டெரி நேஷன் இல்லை, கிளைவ் எக்ஸ்டன். அவர் இறந்தது 2007இல், ஆக அது 2077 முடியும்வரை. நேஷனின் வாரிசுகளிடம் நீங்கள் என்ன விலை கொடுத்து என்ன வாங்கினாலும் இந்தக் கதை அதோடு வராது. இரண்டாவது சீசனில் தலைவராகிற சார்ல்ஸ் வானும் அப்படித்தான், அவர் முதலில் தலைகாட்டுவது ஜாக் ராண்டர் எழுதிய எபிசோடில்.

இந்தச் சிக்கலுக்கு வழி இருக்கிறதா என்றால், ஏற்கெனவே ஒருவர் நடந்து காட்டிய வழி இருக்கிறது. 2008இல் பிபிசியே இந்தக் கதையை மறுபடி எடுத்தது, ஏட்ரியன் ஹாட்ஜஸ் எழுதினார், 12 எபிசோடு ஓடி 2010இல் நின்றுபோனது. அதைப் பழைய தொடரின் ரீமேக் என்று அவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. டெரி நேஷன் 1976இல் இதே பெயரில் ஒரு நாவல் எழுதியிருந்தார், அந்த நாவலைத் தழுவியது என்றே போட்டார்கள். ஒரு வக்கீல் கண்ணுக்கு இந்த ஒற்றை வரி பாட்டு மாதிரி கேட்கும். நாவலுக்கு ஒரே எழுத்தாளர், ஒரே மூலப்பத்திரம், எபிசோடு எபிசோடாகப் போய் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. நீங்களும் அந்த வாசலில்தான் ஆரம்பிக்க வேண்டும், நேஷனின் எழுத்துகளுக்கான உரிமையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டிடம். மரண தண்டனைக் கதை வேண்டுமென்றால் அது தனி வாசல்.

ஒரு எச்சரிக்கை. 2008 தொடரில் புதிதாக வந்ததை, உதாரணமாகச் சிறையிலிருந்து தப்பிய கைதியாக மாற்றப்பட்ட டாம் பிரைஸை, தெரியாமல்கூட உள்ளே கொண்டுவராதீர்கள். 1975இல் அவர் ஒரு வேல்ஸ்கார நாடோடி. இரண்டையும் பார்த்தவர்களுக்கு எது எங்கிருந்து வந்தது என்று குழம்பிவிடும், ஆகவே உங்கள் திரைக்கதையை நாவலோடு வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, நாவலில் இல்லாத ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான், பின்னால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. இது ‘சர்வைவர்ஸ்’ ஆகத்தான் இருக்க வேண்டுமா? கொள்ளைநோயில் உலகம் அழிந்து நாலு பேர் மிஞ்சுகிறார்கள் என்பது யார் சொத்தும் இல்லை. மேரி ஷெல்லி 1826இலேயே ‘தி லாஸ்ட் மேன்’ எழுதிவிட்டார், ஜாக் லண்டன் 1912இல் ‘தி ஸ்கார்லெட் பிளேக்’ எழுதினார், இரண்டுமே காப்பிரைட் முடிந்தவை, யாரையும் கேட்காமல் எடுக்கலாம். வெறும் யோசனைக்கும் பொதுவான அமைப்புக்கும் காப்பிரைட் கிடையாது. ஹூயி கிரீன் என்ற தொகுப்பாளர், தன் ‘ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்’ என்ற திறமைப் போட்டி நிகழ்ச்சியின் அமைப்பை நியூஸிலாந்தில் காப்பியடித்துவிட்டார்கள் என்று, அந்த நாட்டுக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1989இல் தோற்றார். ஆனால் பாத்திரங்கள் வேறு கதை. 2022இல் லண்டனில் வந்த தீர்ப்பு ஒன்றில், ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ தொடரின் டெல் பாய் பாத்திரத்துக்கே தனியாகக் காப்பிரைட் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாத்திரங்களை வைத்து, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் நாடகம் ஒன்றை நடத்தியவர்கள் இது பகடி, பாணியை மட்டும் பின்பற்றியது என்றெல்லாம் வாதாடிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆக கொள்ளைநோயை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், ஏபி கிராண்டை எடுக்க முடியாது.

அப்படியென்றால் பெயர்களை மாற்றிவிட்டு நம்முடைய சொந்தக் கதை என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் நிஜமாகவே மறுபடி யோசித்து, அடியிலிருந்து எழுதினால்தான். நீங்கள் ஏற்கெனவே அந்த நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ‘சர்வைவர்ஸ் ரீமேக்’ என்று எழுதியிருப்பீர்கள், இல்லையா? நாளைக்கு வழக்கு என்று வந்தால் காப்பியடித்ததற்கு முதல் சாட்சி அந்த மின்னஞ்சல்தான். பெயரை மட்டும் மாற்றிய திரைக்கதையை அதற்குப் பிறகு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இந்தத் தொடருக்கே அப்படி ஒரு பழைய தகராறு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்தக் கரு என்னுடையது, அறுபதுகளின் கடைசியில் நான் டெரி நேஷனிடம் சொன்னது, 1965லேயே எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்று பிரையன் கிளெமன்ஸ் என்ற எழுத்தாளர் உரிமை கொண்டாடினார். நேஷன் அடியோடு மறுத்தார். உயர் நீதிமன்றம் வரை போனது, வக்கீல் செலவு ஏறஏற இரண்டு பேருமே பாதியில் விட்டுவிட்டார்கள். தீர்ப்பே வரவில்லை. (எங்கள் ஃபீஸ் இலக்கியத்துக்குச் செய்த சேவை என்று இதைச் சொல்லலாம்.) கருவுக்குக் காப்பிரைட் இல்லையே, பின் எப்படி வழக்கு என்றால், நம்பிச் சொன்ன யோசனையை எடுத்துக்கொள்வது நம்பிக்கை மீறல் என்ற வேறு கணக்கில் வரும். ‘ராக் ஃபாலீஸ்’ என்ற தொடரின் கருவைக் கொடுத்த மூன்று நடிகைகள் எண்பதுகளின் தொடக்கத்தில் தேம்ஸ் டெலிவிஷனை அந்தக் கணக்கில்தான் ஜெயித்தார்கள்.

இது உங்களுக்கு எதற்கு என்றால், உங்கள் நண்பர். மூலக்கதையை விட இவர்தான் எனக்குக் கவலை. சும்மா டீ குடித்துக்கொண்டே யோசனை சொன்னார் என்றால் பரவாயில்லை. காட்சிகளையும் பாத்திரங்களையும் சேர்ந்து உருவாக்கினீர்கள், அவர் எழுதியதும் உங்கள் பிரதியில் கலந்திருக்கிறது என்றால் அவர் கூட்டு ஆசிரியர் ஆகலாம். அப்படி ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் அந்தத் திரைக்கதையை நீங்கள் யாருக்கும் விற்க முடியாது. ‘ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ்’ படத்தின் திரைக்கதையில் இதே பிரச்சினைதான்: தட்டச்சு செய்தது ஒருவர், கூட இருந்து உருவாக்கியது இன்னொருவர். முதலில் தட்டச்சு செய்தவர் பக்கம் தீர்ப்பானது, 2019இல் மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்குப் போனது, கடைசியில் 2021இல் மற்றவருக்கு 20 சதவீதப் பங்கு என்று முடிந்தது. நண்பர் சொன்ன அந்த இருபது இங்கேதான் வந்து நிற்கிறது.

ஏஜென்டுக்கு எழுதும்போது திரைக்கதையை இணைக்க வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் போதும்: நாவலின் தொலைக்காட்சி உரிமை இப்போது யாரிடமாவது இருக்கிறதா, இல்லையென்றால் ஆப்ஷன் கிடைக்குமா. வேறு ஒருவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் உங்கள் வேலை அங்கேயே நின்றுவிடும், அதை இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் தொடரின் ஆடியோ நாடகங்கள் 2014இலிருந்து தனியாக வந்தன, ஆக ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிமை தனித்தனியாகப் பிரிந்து கிடக்கலாம் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

ஆப்ஷன் என்பது கிட்டத்தட்ட அட்வான்ஸ் போட்டு வைப்பது. 12 அல்லது 18 மாதம் வேறு யாருக்கும் விற்க மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பார்கள், மொத்த விலையில் பத்தில் ஒரு பங்கு என்று பேசுவது வழக்கம், நீட்டிக்க இன்னொரு தொகை. முடிந்தவரை அந்த நிறுவனத்தையே ஆப்ஷன் எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் கைக்காசைப் போடாதீர்கள், ஆனால் அதற்கு முன் எழுத்தாளர் நீங்கள்தான் என்று அவர்களிடம் ஒப்பந்தம் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உரிமை கைக்கு வந்ததும் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வார்கள். உரிமைப் பத்திரத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்கட்டும்: இரண்டாவது, மூன்றாவது சீசனுக்கு நாவலைத் தாண்டிப் புதுக்கதை எழுதும் அனுமதி, அப்புறம் படைப்பைச் சிதைத்துவிட்டார்கள் என்று வாரிசுகள் பின்னால் கிளம்பாதபடி தார்மீக உரிமை விலக்கு. காலத்துக்கு ஏற்றபடி மாற்றப் போகிறவருக்கு இந்த இரண்டாவது ரொம்ப முக்கியம். எல்லாம் எழுத்தில், கையெழுத்தோடு. போனில் சொன்ன ‘ஓகே’வை வைத்துக்கொண்டு உரிமை மாற்றமும் கிடைக்காது, முழுத் தனி உரிமமும் கிடைக்காது.

புதுப்பிக்கும்போது வைரஸ் ஏதாவது நிஜ மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து கசிந்ததாக எழுதியிருந்தால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள், அவதூறு வழக்கை யாரும் விலைகொடுத்து வாங்க மாட்டார்கள்.

இந்த வாரம் நண்பரைப் போய்ப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், ஒரு காபி போதும். அவர் பங்களிப்பு என்ன என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதி, அதை அவர் உங்களுக்கு மாற்றிக் கொடுக்கிறார், பதிலுக்கு இவ்வளவு பங்கோ இன்ன கிரெடிட்டோ என்று கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தொடர் வெறும் கனவாக இருக்கும் இப்போது அவர் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவார், சேனல் ஒப்புக்கொண்ட பிறகு போனால் முதலில் தன் வக்கீலைத்தான் கூப்பிடுவார்.